தோற்றம் மட்டும் போதும்

காலை ஏழு மணி இருக்கும். மூலக்குளத்தில் நான் குடியிருந்த வீட்டின் கேட்டுக்கு வெளியே ஒருவர் ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. பின்னால் ஒரு மொபெட், அதன் இரண்டு பக்கமும் பால் கேன்கள்.

"எத்தினி மணிக்கு எடுக்குறாங்க?" என்று கேட்டார்.

அன்று பதினோரு மணிக்கு எங்கள் கல்லூரி சார் கேமராவோடு வந்து என் படைப்பைப் படம் எடுப்பதாக ஏற்பாடு. ஆகவே, பதினோரு மணிக்கு எடுக்கிறோம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாங்க, வாங்க, சீக்கிரமே வந்துட்டீங்க, உள்ள வந்து உட்காருங்க, காப்பி போடட்டுமா என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு உபசாரமும் செய்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே வரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் போய், ஒரு பால் கேனை இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் பார்வையாளரே மாலையோடு வந்திருக்கிறார், இந்த ஊரில் கலைக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் கேட்டது பிணத்தைப் பற்றி. பிணமாகிவிட்டதாக அவர் நம்பிய என் வீட்டுக்கார அக்கா, அந்த நேரத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் முந்நூறு பேருக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார். இது எப்படி நேர்ந்தது என்று சொல்லத்தான் போகிறேன். அவசரமில்லை. நாம் ஊரைச் சுற்றிவிட்டு வரும்வரை மாலைக்காரர் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார்.

தாய்மண்ணில் ஒரு வெளிநாட்டுக்காரி

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆறு மாதம் வெளிநாட்டில் போய்ப் படிக்கலாம் என்றார்கள். கூடப் படித்தவர்கள் ஜப்பான், இத்தாலி என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் புதுச்சேரி என்று எழுதினேன். மொழிப் பிரச்சினையே இருக்காது என்று பெரிய புத்திசாலித்தனமாக யோசித்ததன் விளைவு அது.

தமிழ் மண்ணில் கால் வைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்க்கும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். சிலிர்த்தது உண்மைதான். சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏசி அதிகம். போன வாரம் இந்தப் பத்தியில் இதை எழுதியதற்காக என்னைக் கண்டித்து இரண்டு வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். தாய்மண் மீது எனக்குப் பற்றில்லையாம். பற்று இருக்கிறது, ஆனால் சளியும் பிடித்தது.

வந்த முதல் வாரத்திலேயே மொழிப் பிரச்சினை ஆரம்பமாகிவிட்டது. பஸ் நிலையத்தில் இறங்கி, கல்லூரிக்குப் போகக் காடி கிடைக்குமா என்று கேட்டேன். எங்கள் ஊரில் வண்டியைக் காடி என்போம். இங்கே காடி என்றால் மாட்டுக்கு வைக்கிற புளித்த தண்ணீராம். ஆட்டோக்காரர் என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, மேடம் எந்தக் கன்ட்ரி என்று கேட்டார். அதற்குப் பிறகு எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். அடுத்தபடியாக, தமிழ் ரொம்ப நல்லா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க என்று பாராட்டினார்கள். அம்மாவிடம் என்றேன். நம்பவில்லை.

காலையில் யாரைப் பார்த்தாலும் 'பசியாறிட்டீங்களா' என்று கேட்பது எங்கள் பழக்கம். அதற்குமேல் மரியாதையான வணக்கம் எங்களிடம் கிடையாது. மூலக்குளத்து அக்காவிடம் முதல் நாள் இதைக் கேட்டபோது அவர் முகம் சுண்டிவிட்டது. "நாங்க என்னா பட்டினியா கெடக்குறோம்?" என்றார்.

மஞ்சள் சுவரும் மரியாதையும்

கல்லூரியில் எங்கள் சார் முதல் மாதம் என்னைச் சுதந்திரமாக விட்டுவிட்டார். புதிதாக வருகிற எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தெருக்களில் உட்கார்ந்து மஞ்சள் சுவர் வரைந்தேன். மஞ்சள் சுவரின் மேல் காகிதப்பூ வரைந்தேன். காகிதப்பூவின் கீழே சைக்கிள் வரைந்தேன். அந்தச் சைக்கிள் யாரும் ஓட்டுவதற்கில்லை, படம் பிடிப்பதற்காகவே ஓர் உணவகத்தார் சாத்தி வைத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தெருக்களில் ஒரு காவலாளி இருந்தார். வெள்ளைக்காரர்கள் போனால் எழுந்து நின்று 'போன்ழூர் மதாம்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். நான் போனால், எங்கம்மா போற, இங்கல்லாம் உட்காரக்கூடாது என்பார். ஒரு நாள் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அதன் பிறகு எனக்கும் ஒரு அரை போன்ழூர் கிடைத்தது. 'மதாம்' மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

மாதக் கடைசியில் சார் என் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். அதிகம் பேச மாட்டார். இதே படம் பீச் ரோட்டில் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மேக்னெட்டாகவே கிடைக்குமே, இதற்கா நீ கடல் தாண்டி வந்தாய் என்று மட்டும் கேட்டார். இனி ஊரோடு உரையாடும் படைப்பு ஒன்று செய்ய வேண்டும், ஊர் பதில் சொன்னால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று முடித்துவிட்டார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் என் ஆறு மாதமும் வீண். திரும்பிப் போய் ஜப்பானையும் இத்தாலியையும் பார்த்து வந்தவர்களுக்குப் பின்னால் ஒரு வருடம் தள்ளி உட்கார வேண்டும்.

ஊர் எப்படிப் பதில் சொல்லும்? என்னிடம் அதுவரை ஊர் கேட்டது எல்லாம் எந்தக் கன்ட்ரி என்பது ஒன்றுதான்.

தனம் அக்கா

விடுதியில் இடமில்லை என்று சொன்னதால் வில்லியனூர் சாலையில் மூலக்குளத்தில் ஒரு மாடி அறையில் இருந்தேன். கீழே வீட்டுக்காரர்கள். தனலட்சுமி அக்காவை எல்லோரும் தனம் என்பார்கள். அவர் கணவர் மில் தொழிலாளியாக இருந்தவர். மில் மூடிய பிறகு ஒரு கம்பெனியில் வேன் ஓட்டினார், இருட்டோடு போனால் ராத்திரிதான் வருவார். அக்கா விடிவதற்கு முன்பே கேன்டீன் வேலைக்குப் போய்விட்டுப் பத்தரை மணிக்கு வருவார்.

அக்காவுக்கு என்னைப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், நான் இங்கே யாருக்கும் சொந்தமில்லை என்பது. என்னிடம் எதைச் சொன்னாலும் அது கடலைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தார். இப்படி வாரப் பத்திரிகையில் வரும் என்று அவருக்குத் தெரியாது. இதை வெளியிடும் முன் போனில் கேட்டேன். எழுதிக்கோ, ஆனா நான் கறுப்புன்னு எழுதாத என்றார். எழுதவில்லை.

அவர் பிறந்தது வில்லியனூருக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்தில். மில்லில் வேலை செய்த வேறு சாதிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டார். அன்று அவருடைய அண்ணன், நீ செத்தாகூட உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று ஊர் கேட்கச் சொன்னாராம். இருபத்தைந்து வருடம் சொன்ன சொல் தவறாமல் இருந்தார். நடுவில் அப்பா இறந்தபோதுகூட அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

இதில் பெரிய கொடுமை, அண்ணன் ஒன்றும் அமெரிக்காவில் இல்லை. தினமும் காலையில் எங்கள் தெருமுனையைக் கடந்துதான் டவுனுக்குப் பால் கொண்டுபோனார். இருபத்தைந்து வருடமாக ஒரு முறைகூட இந்தத் தெருப் பக்கம் தலையைத் திருப்பியதில்லை என்று அக்கா சொன்னார். அதைக் கவனித்துச் சொல்ல, அக்கா இருபத்தைந்து வருடமாக அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று பேசியபோது கரித்துண்டால் அவர் முகத்தை வரைந்தேன். நான் அந்த ஊரில் வரைந்தவற்றில் அது ஒன்றுதான் உருப்படியானது. மூக்குத்தி, கன்னத்து மரு, பேசி முடித்த பிறகும் சாலைப் பக்கமே இருந்த கண். பெரிதாக நகல் எடுத்துச் சுவர்களில் ஒட்டினால் என்ன என்று தோன்றியது. சினிமாக்காரர்களும் கட்சிக்காரர்களும் மட்டுமா சுவரில் இருக்க வேண்டும்? முதலில் தனம் அக்கா, பிறகு தெருவில் ஒவ்வொருவராக. அக்காவிடம் கேட்டேன். நம்ம மூஞ்சியக்கூட ஒட்டுவாங்களா, ஒட்டிக்கோ என்று வெட்கப்பட்டுக்கொண்டே சம்மதித்தார்.

தோற்றமும் மறைவும்

நகல் கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். யாருங்க என்று கேட்டார். எங்க வீட்டுக்கார அக்கா என்றேன். பாவம், நல்ல முகம் என்றார். நான் நன்றி சொன்னேன். கறுப்பு வெள்ளையில்தானே என்று அவரே கேட்டார். கரிப்படத்தை வேறு எப்படி எடுப்பது, ஆமாம் என்றேன்.

பெயர் கேட்டார், சொன்னேன். பிறந்த வருடம் கேட்டார், சொன்னேன். 'தோற்றம்' என்று தட்டி அதற்குக் கீழே வருடத்தைப் போட்டார். "மறைவு போடலியா?" என்று கேட்டார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சாதாரண நகல் கடையில் தோற்றம், மறைவு என்று கலையின் சாரத்தையே பேசுகிறாரே மனிதர். ஓர் உருவத்தில் எது தெரிகிறது, எது ஒளிந்திருக்கிறது என்பதைப் பற்றித்தானே மூன்று வருடமாகப் படிக்கிறேன். நானும் விட்டுக்கொடுக்காமல், மறைவு வேண்டாம், தோற்றம் மட்டும் போதும், மறைவைப் பார்ப்பவர்களிடமே விட்டுவிடலாம் என்றேன்.

அவர் என்னைக் கண் கலங்கப் பார்த்தார். துக்கம் இந்தப் பெண்ணின் மூளையைத் தாக்கிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நான் கேட்காமலேயே இரண்டு பக்கமும் ஒரு குத்துவிளக்குப் படம் சேர்த்துக் கொடுத்தார்.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பத்திரிகைகளின் இரங்கல் பக்கத்திலும் இதே சொற்கள்தான் போடுவார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள். இரங்கல் பக்கம் படிக்கிற வயது எனக்கு அப்போது வந்திருக்கவில்லை. இந்த ஊர்ச் சுவர்களில் கறுப்பு வெள்ளையில் ஒரு சாதாரண மனுஷியின் முகம் வந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் என்பதும் தெரியவில்லை. பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் கலர். கண்ணீர் அஞ்சலிக்குத்தான் கறுப்பு வெள்ளை. ஒரு மாதமாக ஊரை வரைந்தவள், மஞ்சள் சுவரைத் தவிர வேறு எந்தச் சுவரையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மைதா மாவில் பசை காய்ச்சி, தெருமுனையிலும் பஸ் நிறுத்தத்திலும் சாலையோரச் சுவர்களிலும் அக்காவை ஒட்டினேன். மறுநாள் இருட்டோடு வேலைக்குப் போன அக்கா எதையும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் அந்த வழியாகப் பால் வண்டி வந்தது.

வாங்க, வாங்க

இனி மாலைக்காரரிடம் திரும்பலாம். அவர் பால் கேனில் உட்கார்ந்தபடியே இருந்தார். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பால் வராத வீடுகளாக இருக்கும். எடுக்கவில்லை.

எட்டு மணிக்கு அடுத்த தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களையும் வாங்க, வாங்க என்று வரவேற்றேன். சாவு வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். அது சாவு வீடு என்பதுதான் தெரியாது. அவர்களில் ஒருத்தி என் சிரிப்பைப் பார்த்துத் திகைத்து நின்றாள். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலேருந்து இன்னும் கொண்டாரலியா என்று கேட்டாள். எதை என்றேன். மற்றவள் வாசலில் உட்கார்ந்து, தனம் போயிட்டியே என்று ஒப்பாரியை ஆரம்பித்தாள்.

எனக்கு விளங்க அவ்வளவு நேரம் பிடித்தது. அக்கா உயிரோடதான் இருக்காங்க, வேலைக்குப் போயிருக்காங்க, அது நான் வரைஞ்ச படம் என்று உளறினேன். ஒப்பாரி பாதியில் நின்றது. அழுதவள் மூக்கைச் சிந்திவிட்டு, இதெல்லாம் ஒரு வெளையாட்டா என்று கேட்டாள். சார் கேட்டபடி ஊர் வாயைத் திறந்து பதில் சொல்ல ஆரம்பித்திருந்தது. எனக்கு மாடியறை போவது நிச்சயம் என்று பட்டது.

எதிர்ப்பக்கத்து மனிதர் எழுந்து வந்தார். அந்தப் பெண்கள் அவரை அடையாளம் கண்டு, தனத்தோட அண்ணன் என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுத்தார்கள்.

போன்ல பேசச் சொல்லு என்றார் என்னிடம். கேன்டீனில் வேலை முடியும்வரை போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. நம்புகிற மாதிரி அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் செய்திருக்கவில்லை.

"கண்ணால பாக்காம போவமாட்டேன்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. பால் கேன்கள் வெயிலில் இருந்தன. நிழலுக்கு வாங்க என்றேன், அசையவில்லை. கேட்டுக்கு உள்ளேதான் நிழல் இருந்தது. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இப்படி ஒரு வீம்பு பிடித்த மனிதருக்காக எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. மாடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பத்தரை மணி

அக்கா சாலைப் பக்கமிருந்து டிபன் கேரியரோடு நடந்து வந்தார். வழியில் போஸ்டரைப் பார்த்துவிட்டார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. அண்ணனைப் பார்த்ததும் அந்த நடையும் நின்றுவிட்டது.

அண்ணன் எழுந்து நின்றார். கையில் இருந்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவ்வளவு பெரிய மாலை முதுகுக்குப் பின்னால் எப்படி மறையும்?

"செத்தாகூட வரமாட்டேன்னு சொன்னியே," என்றார் அக்கா.

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். மிதிக்கல."

உண்மைதான். மூன்றரை மணி நேரமாக வெயிலில் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அக்கா டிபன் கேரியரைத் தரையில் வைத்தார். பிறகு, சத்தம் போடாமல், சாதாரணமாகக் கேட்டார். "அப்பா போனப்ப எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் இந்த மாதிரி தெருவுலயே நின்னுட்டு வந்திருப்பேன்ல?"

அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா அவர் பக்கத்தில் போய், கேனுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கையில் கொடுத்தார். இந்த முறை குடித்தார்.

இருவரும் தெருவிலேயே நின்றிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மணி சரியாகப் பதினொன்று. வாழ்நாளில் அவர் ஒருமுறைதான் நேரத்துக்கு வந்தார், அதுவும் அன்றுதான். கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சில்ல, எடுத்துடலாமா?" என்றார்.

ஒப்பாரி வைத்த பெண் அவரைச் சும்மா விடவில்லை. நிக்கிற மனுஷிய எப்படிய்யா எடுப்ப என்று பிடித்துக்கொண்டாள். அந்தச் சண்டையில் அண்ணன் மொபெட்டைக் கிளப்பினார். திரிந்துபோன பாலோடு கிராமத்துப் பக்கம் திரும்பினார். போகும்போது அக்காவைப் பார்த்து, நாளைக்குப் பால் ஊத்திட்டுப் போறேன், சொம்ப வெளிய வை என்றார். வெளியே என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார்.

பதில்

சார் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டார். இதுவரை எந்த மாணவருக்கும் ஊர் இவ்வளவு சத்தமாகப் பதில் சொன்னதில்லை என்றார். நான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தியைச் சுவரில் சாகடித்துவிட்டு வாங்கிய கையெழுத்து அது.

எல்லோரும் போன பிறகு, மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறையைக் காலி செய்துவிடுகிறேன் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

அப்பா செத்ததே எனக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு நெனைக்கிற என்று அவராகவே ஆரம்பித்தார். வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சுவரில் அப்பா முகத்தைப் பார்த்தாராம். காரியமே முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கீழே வருந்துபவர்கள் பட்டியலில் அண்ணன் பெயர், தங்கை பெயர், பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் இருந்தன. அக்காவின் பெயர் இல்லை. எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்துப் பார்த்தேன் என்றார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாளியில் தண்ணீரும் சுரண்ட ஒரு தகடும் எடுத்துக்கொண்டு, இப்பவே போய் எல்லாத்தையும் கிழிச்சிட்டு வந்துடுறேன்க்கா என்று கிளம்பினேன்.

அக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரெண்டு நாள் இருக்கட்டும், கிழிக்காத. தங்கச்சிய கடலூர்ல குடுத்திருக்கு. அங்க சேதி போவணுமில்ல."